அடுத்த கண்ட்ரோலரிடம் விளையாடுவோர் எதிர்பார்ப்பது என்ன?

கணினி விளையாட்டுகளுக்கும் வி.ஆர். (மெய்நிகர் உலக) விளையாட்டுகளுக்கும் இனி வரப்போகும் கண்ட்ரோலர்களில் விளையாடுவோர் உண்மையாகவே எதை விரும்புகிறார்கள், எவை விற்பனைக்காக மட்டும் சேர்க்கப்படுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதே ஒன்று வாங்கலாமா, இன்னும் நல்லது வரும் வரை பொறுத்திருக்கலாமா என்ற தயக்கமும் உங்கள் கேள்வியில் தெரிகிறது. பல ஆண்டுகளாக இவற்றைப் பயன்படுத்தியும், பழுதானவற்றைத் திருகு கழற்றிப் பார்த்தும் வந்தவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளையாடுவோர் புதுமைக்காக ஏங்கிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வாங்கிய அன்று இருந்தபடியே கருவி சில ஆண்டுகளாவது இருக்க வேண்டும் என்பது அவர்களின் முதல் எதிர்பார்ப்பு. அதில் ஏற்கெனவே இருக்கும் திறன்களை விளையாட்டுகள் அடையாளம் கண்டு பயன்படுத்த வேண்டும் என்பது இரண்டாவது. மற்றவையெல்லாம் இந்த இரண்டுக்கும் பின்னால்தான் வருகின்றன.

முதலில் டிரிஃப்ட். கை வைக்காமலே ஸ்டிக், அதாவது கட்டைவிரலால் சாய்க்கும் சிறு குச்சி, ஒரு பக்கம் இழுப்பதைத்தான் இப்படிச் சொல்கிறோம். திரையில் பாத்திரம் தானாக நடக்கும், அல்லது பார்வை மெல்ல மேலே ஏறிக்கொண்டே போகும். இன்றும் மிகப் பல கேம்பேடுகளில், அதாவது இரு கைகளாலும் பிடிக்கும் கண்ட்ரோலர்களில், ஒவ்வொரு ஸ்டிக்கின் பக்கவாட்டிலும் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள் இருக்கின்றன. ஒன்று இடவலத்துக்கு, மற்றது மேல்கீழுக்கு. கரிப்பூச்சு கொண்ட வளைந்த தடத்தின் மேல் ஒரு மெல்லிய உலோக நாக்கு உரசிக்கொண்டே நகர்கிறது. அது நிற்கும் இடத்துக்கேற்ப மாறும் மின்னழுத்தத்தை வைத்து ஸ்டிக் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கருவி கணக்கிடுகிறது. உரசும் இடம் தேயத்தான் செய்யும். அதிலும் ஸ்டிக் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நடுவிலும் நடுவைச் சுற்றியுமே கழிப்பதால், மிகத் துல்லியமாக இருக்க வேண்டிய அந்த நடுப்பகுதிதான் முதலில் தேய்கிறது. தேய்ந்த தூள் தடத்திலேயே தங்கி, அளவீட்டை நிலையில்லாமல் துள்ள வைக்கிறது. இதற்கிடையில் ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவரும் சுருள்வில்லும் தளர்ந்தால், கை விட்டபின் அது ஒவ்வொரு முறையும் சற்று வேறான இடத்தில் வந்து நிற்கிறது.

இந்தக் குறை ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதல்ல. 2017இல் வந்த நின்டெண்டோ சுவிட்ச் விளையாட்டுக் கருவியின் ஜாய்கான் என்னும் கண்ட்ரோலர்களில் இது பரவலாகப் பேசப்பட்டு, வழக்குகளாகவும் மாறி, 2020 ஜூனில் அந்நிறுவனத்தின் தலைவர் ஷுண்டாரோ ஃபுருகாவா வாடிக்கையாளர்களிடம் வருத்தம் தெரிவிக்கும் அளவுக்குச் சென்றதால், பலரும் அதை ஜாய்கான் நோய் என்றே எண்ணிவிட்டார்கள். அதே வகைப் பாகத்தைப் பயன்படுத்தும் எந்தக் கேம்பேடுக்கும் இந்த முதுமை உண்டு. நான் பெரிய விலை கொடுத்து வாங்கிய ஒன்று பதினான்காவது மாதத்தில் இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. உத்தரவாதம் பன்னிரண்டு மாதம்தான்.

டிரிஃப்டை மறைக்க மென்பொருள் வழி ஒன்று உண்டு. நடுவைச் சுற்றி ஒரு சிறு பகுதியில் வரும் அசைவுகளைக் கணக்கில் கொள்ளாமல் விடுவதை டெட்சோன் என்கிறோம். அதைப் பெரிதாக்கினால் இழுப்பு தெரியாது. ஆனால் தொலைவில் இருக்கும் இலக்கை நோக்கி மயிரிழை அளவு நகர்த்த வேண்டிய நேரத்தில், அந்த மயிரிழை டெட்சோனுக்குள் விழுந்துவிடுகிறது. ஆகவே டெட்சோன் என்பது நோய்க்கு மருந்தாவதைவிட நோயோடு செய்துகொள்ளும் சமரசமாகவே இருக்கிறது. இதில் விளையாட்டை எழுதுவோருக்கும் பங்கு உண்டு. சில விளையாட்டுகள் வட்டமான டெட்சோனுக்குப் பதிலாக இரண்டு அச்சுகளையும் தனித்தனியே வெட்டிவிடுகின்றன. அதனால் சாய்வாக இழுக்க முயலும் பார்வை படுக்கைக்கோட்டிலோ செங்குத்துக்கோட்டிலோ போய் ஒட்டிக்கொள்கிறது. கண்ட்ரோலர் சரியில்லை என்று விளையாடுவோர் சொல்லும் குறைகளில் ஒரு பங்கு இப்படிப்பட்ட விளையாட்டின் குறைகள்தான்.

உரசாமல் அளப்பதே இதற்குச் சரியான தீர்வு என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. ஸ்டிக்கின் அடியில் ஒரு காந்தத்தை வைத்து, அதன் புலம் மாறுவதை ஓர் உணரியால் அளந்தால், தேய்வதற்கென்று மின்தடம் ஏதும் இருக்காது. இதற்கு அடிப்படையான ஹால் விளைவை எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்தார். செகா நிறுவனம் 1998இல் ஜப்பானில் வெளியிட்ட டிரீம்காஸ்டின் கண்ட்ரோலரிலேயே அது இருந்தது. அதற்குப் பின் பல ஆண்டுகள் முன்னணி நிறுவனங்கள் பொட்டென்ஷியோமீட்டரிலேயே தங்கிவிட்டதற்கு அதன் விலை மலிவும், அதற்குக் குறைவான மின்சாரம் போதும் என்பதும் முக்கியக் காரணங்கள். 2020களின் தொடக்கத்தில் குலிகிட், எய்ட்பிட்டோ போன்ற நிறுவனங்கள் ஹால் ஸ்டிக்குகளைப் பரவலாகக் கொண்டுவந்த பிறகு, விளையாடுவோர் கடையில் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகிவிட்டது. கேட்டுக் கேட்டுச் சந்தையை மாற்றிய அரிய நிகழ்வுகளில் இதுவும் ஒன்று.

அண்மைக் காலத்தில் அதற்கும் அடுத்தபடியாக டி.எம்.ஆர். என்னும் உணரி வந்திருக்கிறது. காந்தப்புலத்துக்கேற்பத் தன் மின்தடையை மாற்றிக்கொள்ளும் மிக நுண்ணிய அடுக்குகளால் ஆன இது, ஹால் உணரியைவிடக் குறைந்த மின்சாரத்தில் கூடுதல் நுட்பமாக அளக்கக்கூடியது. ஸ்டீம் என்னும் இணைய விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2025 நவம்பரில் அறிவித்த புதிய ஸ்டீம் கண்ட்ரோலரில் இவ்வகை ஸ்டிக்குகளே இருக்கின்றன. இருந்தாலும், பெட்டியின் மேல் ஹால் என்றோ டி.எம்.ஆர். என்றோ அச்சிட்டிருப்பதைப் பார்த்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். காந்த உணரி மின்தடத்தின் தேய்மானத்தைத்தான் நீக்குகிறது. சுருள்வில் தளர்வதையோ, ஸ்டிக்கின் தண்டு உறையின் விளிம்பில் உரசிப் பிளாஸ்டிக் தூள் உதிர்வதையோ அது தடுக்காது. நடுப்புள்ளியை முதலில் சரியாகக் குறித்துவைக்கும் அளவுத்திருத்தம் மோசமாக இருந்தால், புத்தம்புதிய ஹால் ஸ்டிக்கும் இழுக்கும். அதனால்தான் விவரமறிந்தவர்கள் உணரியின் வகையை விசாரித்த கையோடு, விளையாடுபவரே அளவுத்திருத்தம் செய்துகொள்ள வழி இருக்கிறதா என்றும், தண்டு உரசும் இடத்தில் தேயாத வளையம் இருக்கிறதா என்றும் கேட்கிறார்கள்.

எதுவும் என்றைக்கும் உழைக்காது என்பதை ஒப்புக்கொண்டால், அடுத்துக் கேட்க வேண்டியது மாற்றும் வசதி. பெரும்பாலான கேம்பேடுகளில் ஸ்டிக் பாகம் பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அதைச் சேதமின்றி எடுப்பது பழகிய கைக்கே எளிதல்ல. 2023 ஜனவரியில் வந்த சோனியின் டூயல்சென்ஸ் எட்ஜில் ஸ்டிக் பாகத்தையே கழற்றி மாட்டலாம். நல்ல யோசனைதான், ஆனால் அது மிக விலையுயர்ந்த மாதிரிக்கு மட்டும் கிடைத்ததும், கழற்றி மாட்டும் அந்தப் பாகத்துக்குள் இருந்தது அதே பொட்டென்ஷியோமீட்டர்தான் என்பதும் அதன் பெருமையைக் குறைத்துவிட்டன. மின்கலத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். லித்தியம் மின்கலம் சில ஆண்டுகளில் சோர்ந்துவிடும்; உறையைப் பிளக்காமல் அதை மாற்ற முடிய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு மின்கல விதி, கையடக்கக் கருவிகளின் மின்கலங்களைப் பயன்படுத்துவோரே கழற்றி மாற்றும்படி 2027 பிப்ரவரி 18 முதல் இருக்க வேண்டும் என்கிறது. ஒரு சந்தைக்காகச் செய்யும் வடிவமைப்பை நிறுவனங்கள் எல்லாச் சந்தைகளுக்கும் பயன்படுத்துவது வழக்கம் என்பதால், வரும் தலைமுறைக் கண்ட்ரோலர்களில் விளையாடுவோர் கேட்டு வராத ஒன்று சட்டம் கேட்டு வரக்கூடும்.

இனி இரண்டாவது எதிர்பார்ப்புக்கு வருகிறேன். வெளியே அதிகம் பேசப்படாவிட்டாலும் உண்மையான முட்டுக்கட்டை இங்கேதான் இருக்கிறது. 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 கண்ட்ரோலரோடு மைக்ரோசாஃப்ட், கண்ட்ரோலரும் விளையாட்டும் பேசிக்கொள்வதற்கான எக்ஸ்இன்புட் என்ற இடைமுகத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முன் ஒவ்வொரு கேம்பேடும் தன் பொத்தான்களுக்குத் தன் விருப்பம்போல் எண்ணிட்டுக்கொண்டு வந்ததால், விளையாட்டைத் தொடங்கும் முன் ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டிப் பொருத்த வேண்டியிருந்தது. எக்ஸ்இன்புட் அந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியது: இரண்டு ஸ்டிக், சுட்டுவிரலால் அழுத்தும் இரண்டு ட்ரிகர், பதினான்கு பொத்தான்கள், இரண்டு அதிர்வு மோட்டார்கள், ஒரே நேரத்தில் நான்கு கண்ட்ரோலர்கள். செருகினால் வேலை செய்தது. அந்த வெற்றியே பிறகு தளையாகவும் ஆனது. ஜைரோ (கருவி திரும்புவதை அளக்கும் உணரி), தொடுபட்டை, பின்பக்கப் பொத்தான், நுண் அதிர்வு ஆகிய எதற்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. இருபது ஆண்டுகள் கழித்தும், புதிதாக எதைச் சேர்த்தாலும் கணினியில் பெரும்பாலான விளையாட்டுகளின் கண்ணுக்கு அது 2005ஆம் ஆண்டின் கண்ட்ரோலராகவே தெரிகிறது.

ஜைரோவை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ட்ரோலரைக் கையில் பிடித்தபடியே மெல்லச் சாய்த்துக் குறிபார்ப்பது, கட்டைவிரலால் ஸ்டிக்கைத் தள்ளிக் குறிபார்ப்பதைவிட மிகவும் நுட்பமானது. ஸ்டிக் பார்வை நகரும் வேகத்தைத்தான் தீர்மானிக்கிறது, ஜைரோவோ மௌஸைப் போலப் பார்வை நிற்கும் இடத்தையே தீர்மானிக்கிறது. பெரிய திருப்பங்களுக்கு ஸ்டிக், கடைசி மயிரிழைக்கு மணிக்கட்டு என்று பழகிவிட்டால் பழைய முறைக்குத் திரும்புவது கடினம். தொடக்கத்தில் சில நாள்கள் எரிச்சலாக இருக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்த வசதி சோனி, நின்டெண்டோ, வால்வ் ஆகியோரின் கண்ட்ரோலர்களில் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் வழக்கமான எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர்களில் தலைமுறை தலைமுறையாக இல்லை. கணினியில் அதிகம் பின்பற்றப்படும் மாதிரியில் அது இல்லாததால் விளையாட்டுகள் அதைக் கேட்பதில்லை; விளையாட்டுகள் கேட்காததால் அதைச் சேர்க்கக் காரணமும் இல்லை.

ஸ்டீம் இன்புட் போன்ற மென்பொருள்கள் நடுவில் நின்று ஜைரோவின் அசைவை மௌஸ் அசைவாக மாற்றிக் கொடுக்கின்றன. பயனுள்ள மாற்றுவழிதான், ஆனால் ஒட்டுப்போட்ட வழி. ஸ்டிக்கும் மௌஸும் ஒரே நேரத்தில் அசைவதைக் கண்டு பல விளையாட்டுகள் குழம்பிப்போகின்றன. திரையில் பொத்தான் படங்கள் ஒரு நொடி விசைப்பலகைக்கும் மறுநொடி கேம்பேடுக்குமாக மாறி மாறி மின்னுகின்றன, சிலவற்றில் ஒன்றை அசைத்தால் மற்றது நின்றேபோகிறது. அடுத்த தலைமுறையில் என்ன வேண்டும் என்று என்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள் கேட்டால், இரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொள்ளும்படி விளையாட்டுகள் எழுதப்பட வேண்டும் என்பதையே சொல்வேன். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை.

பின்பக்கப் பொத்தான்களுக்கும் இதே கதி. குதிக்கவோ குனியவோ கட்டைவிரலை ஸ்டிக்கிலிருந்து எடுக்க வேண்டியிராமல், சும்மா கிடக்கும் நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் வேலை கொடுப்பவை அவை. ஆனால் கணினி அவற்றைத் தனிப் பொத்தான்களாக அறியாததால், பெரும்பாலான கேம்பேடுகளில் அவை முன்பக்கப் பொத்தான்களின் நகல்களாகவே செயல்படுகின்றன. இங்கே காப்புரிமையும் குறுக்கே நிற்கிறது. 2015இல் வந்த முதல் ஸ்டீம் கண்ட்ரோலரின் பின்பக்கப் பொத்தான்களுக்காக அயர்ன்பர்க் நிறுவனம் தொடுத்த வழக்கில், 2021இல் வால்வ் 40 லட்சம் டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அந்தக் கண்ட்ரோலரின் உற்பத்தியே அதற்கு முன் 2019இல் நின்றுவிட்டிருந்தது.

அதிர்வின் வரலாற்றிலும் ஒரு வழக்கு உண்டு. இம்மெர்ஷன் நிறுவனத்துடன் இருந்த காப்புரிமைப் பிணக்கு தீராத நிலையில், 2006இல் பிளேஸ்டேஷன் 3 அதிர்வே இல்லாத கண்ட்ரோலரோடு வந்தது. 2007இல் பிணக்கு தீர்ந்த பிறகே அதிர்வு திரும்பியது. பழைய வகை மோட்டாரில் ஒருபக்கம் கனமான எடை சுழல்கிறது. வேகமெடுக்கவும் நிற்கவும் அதற்கு நேரம் பிடிப்பதால், மழைத்துளியும் வெடிகுண்டும் ஏறக்குறைய ஒரே உறுமலாக வந்து சேர்கின்றன. ஒலிபெருக்கியின் சுருளைப் போல இயங்கும் புதிய வகை, எவ்வளவு வலுவாக, எவ்வளவு விரைவாக என்பவற்றைத் தனித்தனியே கட்டுப்படுத்தக்கூடியது. 2020இல் வந்த டூயல்சென்ஸ் இதையும், மோட்டாரால் ட்ரிகரை எதிர்த்துத் தள்ளும் அமைப்பையும் பரவலாக்கியது. ஆனால் கணினியில் அந்த நுண் அதிர்வு ஒலிச் சாதனம்போல யு.எஸ்.பி. வழியாகவே செல்வதால், ஆதரிக்கும் விளையாட்டுகளிலும் பெரும்பாலும் கம்பியில் இணைத்தால்தான் கிடைக்கிறது. புளூடூத்தில் அதே கருவி பழைய உறுமலுக்குத் திரும்பிவிடுகிறது. பணம் கொடுத்து வாங்கிய திறன் கையிலிருந்தும் கைக்கு எட்டாமல் போகிறது. ட்ரிகரின் எதிர்ப்பைப் பற்றி இருவேறு கருத்துகள் இருக்கின்றன: தனியாகக் கதை விளையாடுபவர் வில் நாண் இறுகுவதை விரலில் உணர விரும்புகிறார், போட்டியில் ஆடுபவர் முதல் வேலையாக அதை அணைத்துவைத்துவிட்டு, மௌஸைப் போலச் சொடுக்கும் குறுகிய ட்ரிகரைத் தேடுகிறார். இருவர் கேட்பதும் நியாயம்தான். ட்ரிகரின் நீளத்தை மாற்றும் ஒரு சிறு தாழ்ப்பாள் இருவருக்கும் போதும்.

தாமதத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வினாடிக்கு 125 முறை தகவல் அனுப்பும் கண்ட்ரோலரில் இரண்டு தகவல்களுக்கு இடையே 8 மில்லிவினாடி இடைவெளி இருக்கும். 1000 முறை என்றால் 1 மில்லிவினாடி. வினாடிக்கு 60 படங்கள் ஓடும் திரையில் ஒரு படமே 16.7 மில்லிவினாடி நிற்கிறது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 1000ஐத் தாண்டிய 8000 என்ற விளம்பர எண் யாருக்காக என்று தெரியவில்லை. எண்ணைவிடச் சீரான இணைப்புதான் முக்கியம். அந்த வகையில் கணினியில் செருகும் தனி டாங்கிள் கொண்ட இணைப்பு புளூடூத்தைவிட நம்பகமானது. வண்ண விளக்குகள் மின்கலத்தைக் குடிப்பதைத் தவிர வேறெதுவும் செய்வதாக நான் கண்டதில்லை.

கையின் அளவு எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதை மட்டும் எந்த நிறுவனமும் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. காலணிக்கு அளவு உண்டு, கேம்பேடுக்கு இல்லை. இந்தத் திசையில் மிகத் துணிச்சலான முயற்சி 2018இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலர். உடல் இயக்கத்தில் குறைபாடு உள்ளவர்கள் தமக்கேற்ற விசைகளைத் தாமே இணைத்துக்கொள்ள, அதன் பின்புறம் வரிசையாக 3.5 மில்லிமீட்டர் துளைகள் இருக்கின்றன. சோனியின் ஆக்சஸ் கண்ட்ரோலர் 2023 டிசம்பரில் வந்தது. எந்தப் பொத்தானையும் எந்த வேலைக்கும் மாற்றிக்கொள்ளும் உரிமை இவர்களுக்கு அடிப்படைத் தேவை. மற்றவர்களுக்கு அது வசதி. அந்த மாற்றத்தைக் கணினியில் ஓடும் தனி மென்பொருளில் பூட்டிவைக்காமல், கண்ட்ரோலருக்குள்ளேயே சேமித்துவைக்க வேண்டும் என்பது பலரும் கேட்கும் ஒன்று.

வி.ஆர். கைப்பிடிகளில் எதிர்பார்ப்பின் தன்மையே வேறு. கேம்பேடு எங்கே இருக்கிறது என்பது விளையாட்டுக்குத் தெரிய வேண்டியதில்லை, வி.ஆரில் அதுதான் எல்லாமே. கை எங்கே இருப்பதாக உடல் உணர்கிறதோ அங்கேயே கண்ணுக்கும் தெரிய வேண்டும். கைப்பிடிக்குள் இருக்கும், வேகம் மாறுவதை அளக்கும் முடுக்கமானியும் ஜைரோவும் விரைவாக அளப்பவை, ஆனால் தனித்து நம்பத்தக்கவை அல்ல. முடுக்கத்திலிருந்து இடத்தைக் கண்டுபிடிக்க இருமுறை கூட்ட வேண்டியிருப்பதால், பிழை காலத்தின் இருமடிக்கேற்பப் பெருகுகிறது: ஒவ்வொரு வினாடியும் வேகம் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் கூடுவதாகக் காட்டும் சிறு பிழைகூட, பத்தே வினாடிகளில் கையை அரை மீட்டர் தள்ளிக் காட்டிவிடும். ஆகவே வெளியிலிருந்து ஏதேனும் ஒன்று அந்தப் பிழையை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

திருத்துவது யார் என்பதில்தான் தலைமுறைகள் வேறுபடுகின்றன. 2016இல் வந்த எச்.டி.சி. வைவ் என்னும் வி.ஆர். கருவியில் அறையின் மூலைகளில் நிற்கும் நிலையங்கள் லேசர் கதிரை வீசித் துழாவ, கைப்பிடியில் உள்ள உணரிகள் அது தம்மைத் தொட்ட நேரத்தை வைத்துத் தம் இடத்தைக் கணக்கிட்டன. துல்லியமான முறை, ஆனால் சுவரில் பொருத்த வேண்டிய பெட்டிகள் பலருக்கு ஒத்துவரவில்லை. 2019இல் வந்த குவெஸ்ட் என்னும் வி.ஆர். கருவியில், தலையில் மாட்டும் ஹெட்செட்டின் கேமராக்களே கைப்பிடி வளையத்தில் உள்ள அகச்சிவப்பு விளக்குகளைப் பார்த்து இடத்தை அறிந்தன. அமைப்பது எளிதாயிற்று, கேமரா பார்க்காத இடம் இருட்டாயிற்று. வில்லை இழுத்துக் கன்னத்தோடு சேர்த்துப் பிடிக்கும்போதும், முதுகுப்பைக்குள் கைவிடும்போதும், துப்பாக்கியின் முன்கையைப் பின்கை மறைக்கும்போதும் கை திடீரென மிதக்கத் தொடங்குவதை வி.ஆரில் விளையாடியவர் எவரும் அறிவார். 2022இல் குவெஸ்ட் புரோவின் ஒவ்வொரு கைப்பிடியிலும் மூன்று கேமராக்களை வைத்து, அது தன் இடத்தைத் தானே அறியும்படி செய்தார்கள். மறைவுப் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. ஆனால் ஒவ்வொரு கைப்பிடிக்குள்ளும் கைபேசியில் இருப்பது போன்ற ஒரு புராசசர் சில்லு வேண்டியிருந்தது, விலையும் மின்செலவும் ஏறின. 2023இல் வந்த குவெஸ்ட் 3 மீண்டும் ஹெட்செட் கேமராவையே நம்பியது. வளையத்தை நீக்கிவிட்டு, கைப்பிடியின் முகத்தில் உள்ள விளக்குகளோடு கையின் வடிவத்தையும் சேர்த்து ஊகிக்கிறது. வளையம் போனதில் எனக்கு மகிழ்ச்சிதான்: இரண்டு கைகளை அருகில் கொண்டுவரும்போது பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் மோதும் ஓசையைவிட மாயையை விரைவாகக் கலைப்பது வேறில்லை.

கைப்பிடியே எதற்கு, வெறுங்கையே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2024 பிப்ரவரியில் ஆப்பிள் விஷன் புரோ ஹெட்செட் அந்த நம்பிக்கையோடுதான் கண்ட்ரோலர் எதுவும் இல்லாமல் வந்தது. அடுத்த ஆண்டே அதன் இயங்குதளம் சோனியின் வி.ஆர். கைப்பிடிகளை ஏற்றுக்கொண்டது. காரணம் எளிது. காற்றில் விரலை மடக்கும்போது அழுத்தினோமா இல்லையா என்று விரலுக்குத் தெரிவதில்லை. ஓடிக்கொண்டே சுடவும், திரும்பவும் ஸ்டிக் இல்லாமல் முடிவதில்லை. பட்டியலைப் புரட்ட வெறுங்கை போதும், விளையாட்டுக்குப் பொத்தான் வேண்டும்.

வெறுங்கைக்கும் பொத்தானுக்கும் நடுவில் நின்ற அருமையான கருவி 2019இல் வந்த வால்வ் இண்டெக்ஸின் கைப்பிடி. ஒவ்வொன்றிலும் 87 உணரிகள் இருந்தன; விரல்களைத் தனித்தனியே அறிந்தது, பிடியின் அழுத்தத்தை அளந்தது, பட்டை ஒன்று கையோடு பிணைத்துவைத்ததால் விரல்களை முழுவதும் விரித்தாலும் கீழே விழவில்லை. எதையேனும் எறிவதற்குக் கையைத் திறந்தே விடுவித்த அனுபவத்துக்குப் பிறகு, பொத்தானை விடுவித்து எறிவது செயற்கையாகவே தோன்றும். இருந்தும் விரல்களைத் தனித்தனியே பயன்படுத்திய விளையாட்டுகள் குறைவு. பெரும்பாலானவர்களிடம் இருந்த குவெஸ்ட் கைப்பிடி கட்டைவிரலும் சுட்டுவிரலும் தொடுவதை மட்டுமே அறிந்ததால், எல்லோருக்கும் விற்க வேண்டிய விளையாட்டு அந்தக் குறைந்த அளவுக்கே எழுதப்பட்டது. எக்ஸ்இன்புட்டின் கதை வேறு உடையில் திரும்பி வந்தது.

வி.ஆருக்கு இதில் ஒரு நற்பேறு உண்டு. பொதுத் தரங்களை வகுக்கும் குரோனோஸ் குழு 2019இல் வெளியிட்ட ஓப்பன்எக்ஸ்ஆர் தரம், விளையாட்டை எழுதுபவரிடம் எந்தப் பொத்தான் என்று கேட்பதில்லை. என்ன செயல் என்று கேட்கிறது. ‘பிடி’, ‘எறி’ என்று விளையாட்டு அறிவித்தால், அதை எந்தக் கைப்பிடியின் எந்த விசையோடு இணைப்பது என்பதை அடித்தள மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. ஆனால் தரம் இருப்பது போதாது, நிறுவனங்கள் தங்கள் கருவியை அதற்குத் திறந்துவைக்கவும் வேண்டும். பிளேஸ்டேஷன் வி.ஆர்.2வைக் கணினியில் இணைக்கும் அடாப்டரை 2024 ஆகஸ்டில் சோனி வெளியிட்டபோது, விழித்தடமறிதலும் ட்ரிகரின் எதிர்ப்பும் நுண் அதிர்வும் கணினியில் இயங்காது என்றே அறிவித்தது. கருவி அதேதான், மோட்டாரும் உள்ளேதான் இருக்கிறது.

வி.ஆர். கைப்பிடியிடம் இன்னொரு வேலையும் இப்போது எதிர்பார்க்கப்படுகிறது. ஹெட்செட்டுக்குள் பெரிய திரையை விரித்துச் சாதாரணக் கணினி விளையாட்டுகளை விளையாடுவது பெருகிவரும் நிலையில், அதற்கென்று தனிக் கேம்பேடு தேடுவது சலிப்பானது. வால்வ் 2025 நவம்பரில் அறிவித்த ஸ்டீம் ஃபிரேம் ஹெட்செட்டின் கைப்பிடிகள், ஒரு முழுக் கேம்பேடை இரண்டாகப் பிரித்துக் கைக்கு ஒன்றாகக் கொடுத்தாற்போல இருக்கின்றன: திசைப்பட்டை இடக்கையில், நான்கு பொத்தான்களும் வலக்கையில், விரல் தொடுவதை அறியும் உணரிகளும் காந்த ஸ்டிக்குகளும் இரண்டிலும். மின்சாரத்துக்குக் கைக்கு ஒரு ஏஏ மின்கலம். மின்கலம் தீர்ந்ததும் அரை நிமிடத்தில் மாற்றிவிட்டுத் தொடரலாம் என்பதால், உள்ளே அடைத்த மின்கலத்தைவிட இதையே நான் விரும்புவேன்.

வாங்கலாமா, பொறுக்கலாமா என்ற உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். கேம்பேடு என்றால் காத்திருக்கக் காரணமில்லை. காந்த ஸ்டிக், பின்பக்கப் பொத்தான், ஜைரோ ஆகிய மூன்றும் நடுத்தர விலையிலேயே கிடைக்கின்றன, அவற்றை விளையாட்டுகள் முழுமையாக அறியும் காலம் எந்தப் புதிய மாதிரியோடும் சேர்ந்து வரப்போவதில்லை. வாங்குமுன் அளவுத்திருத்த வசதியையும், கணினியில் இணைக்கும்போது ஜைரோ எந்த இணைப்பு முறையில் தெரியும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்இன்புட் முறையில் பல கேம்பேடுகள் அதை மறைத்துவிடும். வி.ஆரில் கைப்பிடி ஹெட்செட்டோடு பிணைந்தே வருவதால் தனியாகத் தேர்ந்தெடுக்க அதிகம் இடமில்லை. அங்கே நான் முதலில் விசாரிப்பது வேறொன்று: ஒரு கைப்பிடி சுவரில் மோதி உடைந்தால், அந்தக் கைக்கு உரிய ஒன்றை மட்டும் தனியாக விற்கிறார்களா என்பது. இடக்கை இல்லாத ஹெட்செட்டில் ஓடும் விளையாட்டுகள் மிகக் குறைவு.